ஏரிக்குள் வரைந்த ஊர்

சித்திரை மாதத்து ஏரி. சொட்டுத் தண்ணீர் இல்லை. வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அதன் மேல் சுண்ணாம்புப் பொடியால் வரைந்த ஒரு முழு ஊர். தெருக்கள், வீடுகள், சந்தை மைதானம், பள்ளிக்கூடம், பிள்ளையார் கோயில், எங்கள் சின்ன சர்ச், எல்லாம் வெள்ளைக் கோடுகள். ஒரு வீடு என்றால் ஒரு பாய் விரிக்கிற இடம். வரைய வைத்தவள் நான். ஊர்க்காரர்கள் வந்து அவரவர் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

எல்லம்மா மட்டும் அவள் வீட்டில் இல்லை. இடுப்பில் காலிக் குடத்தோடு பெரிய ரோட்டின் நட்டநடுவில் நின்றாள்.

"எல்லம்மா, ரோட்டுல ஏன் நிக்கறே? உன் வீடு அந்தப் பக்கம் இருக்குது பாரு" என்றேன்.

அவள் அசையவில்லை.

"நான் ரோட்டுல நிக்கல டீச்சரம்மா. என் கெணத்தாண்டதான் நிக்கறேன். உன் ரோடுதான் வந்து என் கெணத்து மேல நிக்குது."

மண்டையைப் பிளக்கிற வெயில். கையிலிருந்த வரைபடத்தை அங்கேயே விரித்துப் பார்த்தேன். அதில் கிணறே இல்லை.

ஒரு கோபக் கடிதம்

இதை இந்த வாரம் எழுதுவதற்குக் காரணம் ஒரு கடிதம். தினமும் பஸ்ஸில் எங்கள் ஊர் வழியாக வேலைக்குப் போகிறவராம். அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ரோடு அடிக்கோல் வைத்த மாதிரி நேராக வருகிறது, கடைத்தெருவுக்கு முன்னால் மட்டும் காரணமே இல்லாமல் தொப்பை போட்டு வளைகிறது, தினமும் பக்கத்தில் நிற்கிறவர் மேல் போய் விழுகிறேன், எந்த மடையன் இதற்குப் பிளான் போட்டான் என்று இரண்டு பக்கம் திட்டி எழுதியிருக்கிறார்.

அன்பரே, அந்த மடையன் வேறு எங்கும் போய்விடவில்லை. சந்தைக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில், மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஊர்ப் பெயரை இந்தத் தொடரில் நான் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுதினால் சண்டைக்கு வர இரண்டு குடும்பமாவது தயாராக இருக்கிறது. அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஊஞ்சல் பலகையோடு வந்தவர்கள்

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. மறுநாளிலிருந்து ரயில் ரயிலாக ஜனம் எங்கள் பக்கம் வந்து இறங்கியது. அதுவரை ஸ்டேஷனில் இறங்குகிற நாலு பேரையும் எங்கள் அப்பாவுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர் அங்கே தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அந்த வாரம் அவர் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டார்.

மாட்டுக் கொட்டகைகளைக் கழுவி வாடகைக்கு விட்டார்கள். ஒரு மயிலாப்பூர்க் குடும்பம் தேக்கில் செய்த ஊஞ்சல் பலகையை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தது. மாட்டுவதற்கு எந்த வீட்டிலும் உத்தரம் இல்லை. கடைசியில் வேப்பமரத்தில் கட்டி, அந்த மாமி அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். எங்கள் ஊர் மாடுகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும்.

ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை போட்டார்கள். கூலி வேலைக்கு வெளியூரிலிருந்தும் ஆள் வந்தது. சாக்கடை இல்லாத ஊரில் சாக்கடை ஓட ஆரம்பித்தது. குடிதண்ணீருக்குச் சண்டை வந்தது. பெரும்பாலான கிணறுகளில் உப்புத் தண்ணீர்.

எங்கள் பஞ்சாயத்து பிரசிடெண்டு தெய்வசிகாமணி அதிகம் படித்தவர் இல்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, சவுக்குத் தோப்பில் நின்று ஆளை விரட்டுகிற மனிதர். ஆனால் ஊரைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, குண்டு வுழுதோ வுழலயோ, நம்ம ஊரு வீங்கிகினே போவுது. இப்பவே கோடு போட்டு வெச்சாதான் உண்டு. அப்பால கோடு போடறதுக்கு எடமே இருக்காது."

ஸ்டேஷனிலிருந்து ஒரு ரோடு, சந்தைக்கு ஒரு மைதானம், சாக்கடை, பெரிய பள்ளிக்கூடம். இவ்வளவும் காகிதத்தில் ஒழுங்காக வரைந்து கொடுத்தால் ஜில்லா போர்டு இன்ஜினீயர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் ரோடு பக்கத்து ஊருக்குப் போய்விடும். பட்டணத்தில் பிளான் போடுகிறவர்கள் எல்லாரும் பட்டாள வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் டிராயிங் பரீட்சை பாஸ் செய்த ஒரே ஆள் எஸ்தர் டீச்சர். அதாவது நான்.

அந்தப் பரீட்சையை நான் ஒரு தடவை கோட்டை விட்டிருக்கிறேன். படம் அருமையாக வந்திருந்தது. கடைசி நிமிஷத்தில் ஒரு சொட்டு மசி விழுந்தது. பிளேடால் சுரண்டினேன், காகிதம் கிழிந்தது. அதிலிருந்து மசிக் கறை என்றாலே எனக்கு ஆகாது. மாணவிகளின் தாளில் ஒரு புள்ளி விழுந்தாலும் மறுபடி வரையச் சொல்லுவேன். ராட்சசி என்று எனக்கு ஒரு பெயர் இருந்ததும் தெரியும்.

வாசலோடு நின்றேன்

கிராமக் கணக்கு எழுதுகிற கர்ணத்திடம் இருந்த பழைய கிராம வரைபடத்தைப் பிரதி எடுத்தேன். பிறகு வீடு வீடாக அளந்தோம். அளவுச் சங்கிலியின் மறுமுனையைக் கொத்தனார் மேஸ்திரி கன்னியப்பன் பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சர்க்கார் ஆள் யார் வந்தாலும் வாசலோடு நின்றுவிடுவார். கொல்லைப்புறம் பெண்பிள்ளைகள் புழங்குகிற இடம், அங்கே அந்நிய ஆண் காலடி வைக்க மாட்டான். அதனால் கர்ணத்தின் வரைபடத்தில் ஊரின் வாசல்கள் இருந்தன, கொல்லைகள் இல்லை. நான் பெண். தாராளமாகக் கொல்லைக்குப் போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு உத்தியோகஸ்தர் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையில், நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று அளவு எழுதினேன். "உள்ள வந்து மோர் குடிச்சிட்டுப் போம்மா" என்று கூப்பிட்டவர்களிடம் "வேலை இருக்குது" என்றேன்.

அந்த மோரைக் குடிக்கப் போயிருந்தால் எல்லாவற்றையும் பார்த்திருப்பேன்.

பிளான் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து ரோட்டை ஒரே கோடாக இழுத்திருந்தேன். ஒரு வளைவு கிடையாது, ஒரு கறை கிடையாது. என் ஆயுளில் நான் இழுத்த கோடுகளிலேயே அதுதான் அழகு என்று நினைத்தேன். பஞ்சாயத்து அறையில் மேஜை மேல் விரித்து ஊரைக் கூப்பிட்டோம். எல்லாரும் வந்தார்கள், பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், ஓரத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லம்மாவும் அன்று ரேகை வைத்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கொஞ்சம் நிலத்தில் குண்டுமல்லி போட்டிருந்தாள். விடிவதற்குள் பறித்து, முதல் ரயிலில் பூவைப் பட்டணத்துக்கு அனுப்புவாள். ரேகை வைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கோலம் ஷோக்கா கீது டீச்சரம்மா. புள்ளியே வெக்காம இம்மாம் பெருசா போட்டுகினே."

கோலம். என் பிளான் அவளுக்குக் கோலம். கூட இருந்த பெண்களும் அதே மாதிரிதான் ரசித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் தலையாட்டியது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவருக்குக்கூட அந்தத் தாளில் தன் வீடு எது என்று தெரியாது. அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அழுதேன். ரோஷம்தான், வேறொன்றும் இல்லை.

மேஸ்திரியின் யோசனை

மறுநாள் கன்னியப்பனிடம் புலம்பினேன். அவருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

"ஊடு கட்டறவன்கிட்ட நான் காயிதத்தையா காட்றேன்? தரையில சுண்ணாம்பால கோடு போடுவேன். இது கூடம், இது சமயக்கட்டுன்னுவேன். பொம்பள உள்ள நடந்து பாத்துட்டு, அடுப்பு இங்க வாணாம்பா, பொக அடிக்கும்னும். அத்த மாத்துவேன். ஊருக்கும் அப்படியே போட்டுட்டா போச்சு."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு முன் மனையில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். போட்டுவிட்டால் அது வீடுதான். சுவர் இருக்கிற கோட்டை யாரும் தாண்ட மாட்டார்கள், வாசலுக்கும் பின்வாசலுக்கும் விட்ட இடைவெளி வழியாகத்தான் நுழைவார்கள். சுவரைத் தாண்டி வந்தால் வீடு விளங்காது என்பார்கள்.

ஏரி காய்ந்து கிடந்தது. மூன்று நாள் ஆனது வரைய. மயிலாப்பூர் மாமி குடை பிடித்துக்கொண்டு வந்து, தன் கொட்டகைக்கு ஜன்னல் போடச் சொன்னார். ஜன்னலைத் தரையில் எப்படிப் போடுவது என்று கன்னியப்பன் அரைமணி நேரம் யோசித்தார்.

நாலாம் நாள் காலையில் ஊர் ஜனம் வந்து இறங்கியது. சொல்லித்தரவே தேவைப்படவில்லை. தெருவில் நடந்து, அவரவர் வாசல் இடைவெளியில் நுழைந்து, வீட்டுக்குள் நின்றார்கள். "அடியே, என் கொல்லையில எதுக்குடி நிக்கறே?" என்று அங்கேயே ஒரு பழைய சண்டை புதுப்பிக்கப்பட்டது. காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டியவர்கள், இங்கே ஆளுக்கொரு குறை சொன்னார்கள். சாக்கடை மேட்டில் ஏறுகிறதாம். சந்தை மைதானத்தில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்குமாம். எல்லாம் சரி. நான் எழுதிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் எல்லம்மா தன் வீட்டுக்குள் நுழைந்து, பின்வாசல் வழியாக வெளியே வந்து, தினமும் குடத்தோடு போகிற பக்கமே அந்தச் சின்ன ஊரின் அளவுக்கு நாலைந்து அடி நடந்து, ரோட்டின் நடுவில் நின்றாள்.

வெள்ளைக் காலடிகள்

"கிணறு எப்ப வெட்டினது?" என்று கேட்டேன்.

"அஞ்சாறு வருசம் ஆவும். நானும் எங்க ஊட்டுக்காரரும் மூணு கோடக் காலம் வெட்னோம். அவரு ஒடைப்பாரு, நான் கூடயில தூக்குவேன். பாறக்கிக் கீழ நல்ல தண்ணி வந்துது. அது இல்லன்னா தோட்டம் இல்ல. தோட்டம் இல்லன்னா நாங்க இன்னா பண்றது? அவரு ஆவடியில மூட்ட தூக்கற கூலி ஒரு வேளக்கிக் கூட வராது."

கர்ணத்தின் வரைபடம் அதற்கு முன்னால் போட்டது. மல்லித் தோட்டத்து வேலிக்குப் பின்னால் இருந்த கிணறு வாசலில் நின்றவளுக்குத் தெரியவில்லை. கைநாட்டு வாங்கி அவள் கிணற்றை மூடப் பார்த்தவள் நான்தான்.

பிரசிடெண்டு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"டீச்சரம்மா, இன்ஜினீயர் நாளான்னிக்கு வர்றாரு. இப்பப் போயி ரோட்ட வளச்சா எல்லாத்தயும் திருப்பி வரையணும். அவரு கெளம்பிப் போயிட்டார்னா, ரோடு போச்சு. எல்லம்மாவுக்கு வேற கெணறு வெட்டிக்கலாம்."

"எங்க வெட்டுவே நைனா? உன் தோப்புலயா? அங்க வெட்னா உப்புதான் வரும். உன் ஊட்டுக் கெணறே உப்புதான?" என்றாள் எல்லம்மா.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இன்னொரு சங்கடமும் இருந்தது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரோட்டை வளைத்தால் அது எல்லம்மா தோட்டத்துக்கு மறுபக்கம் போக வேண்டும். மறுபக்கம் அவருடைய சவுக்குத் தோப்பு.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் நேர்கோடு தப்பித்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அந்த ஆசை வரத்தான் செய்தது. எல்லம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். அதனால்தான் அது கண்ணில் பட்டது.

காலையிலிருந்து பெண்கள் அந்தச் சுண்ணாம்பு ஊருக்குள் நடந்துகொண்டிருந்தார்கள். வாசலில் உதிர்ந்த சுண்ணாம்பு அவர்கள் பாதத்தில் ஒட்டி, போன வழியெல்லாம் வெள்ளைக் காலடி பதிந்திருந்தது. தண்ணீர் எடுக்கப் போகிற வழி சரியாக வருகிறதா என்று ஒவ்வொருத்தியும் பார்த்திருக்கிறாள். அத்தனை காலடிகளும் எல்லம்மா நின்ற இடத்தைப் பார்த்துத்தான் வந்தன. மேலத்தெருவிலிருந்து, கோயில் தெருவிலிருந்து, மாமியின் கொட்டகையிலிருந்து. மாமியின் காலடி செருப்பு போட்ட காலடி, தனியாகத் தெரிந்தது.

"பிரசிடெண்டு ஐயா, உங்க வீட்டுக்கு ஒரு தடவை வாங்க" என்றேன்.

சுண்ணாம்பு ஊரில் அவர் வீடு பெரியது, நாலு பாய் அளவு. அதன் பின்வாசலிலிருந்து ஒரு ஜோடி காலடி, மெட்டி அழுந்திய தடத்தோடு, நேராகப் போயிற்று. அவர் குனிந்து பார்த்தார். பிறகு அதன் மேலேயே நடந்தார். தோப்பு ஓரமாக, வேலியைச் சுற்றி, எல்லம்மாவின் குடத்துக்கு எதிரில் போய் நின்றார்.

வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "நாம குடிக்கறது இந்தத் தண்ணியா?"

"பின்ன, இத்தினி வருசமா எதைக் குடிக்கறேன்னு நெனச்சிகினு கீறே?" என்றாள் அவள்.

ஏரியே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, வளச்சிப் போடு டீச்சரம்மா. தோப்புல எவ்ளோ போவுதோ போவட்டும்."

கட்டைவிரல்

அன்று பகலும் மறுநாள் பகலும் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். மாணவிகள் ஒருத்தி மாற்றி ஒருத்தி விசிறினார்கள். கன்னியப்பன் அந்தக் காலடிகளை மிதிக்காமல் ஏரியிலும் ரோட்டுக் கோட்டை வளைத்துப் போட்டார். ரோடு நேராக வந்து, கிணற்றுக்கு முன்னால் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு, மறுபடி நேரானது. முதலில் கண்ணை உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

சாயங்காலம் மறுபடியும் ரேகை வைக்க எல்லாரும் வந்தார்கள். இந்தத் தடவை யாரும் சும்மா தலையாட்டவில்லை. "என் ஊடு எங்க கீது, காட்டு" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். காட்டிய பிறகுதான் விரலை நீட்டினார்கள்.

எல்லம்மா கிணற்றைக் கேட்டாள். ரோட்டு வளைவுக்குள் சின்ன வட்டம் போட்டிருந்தேன், மிளகு அளவு. காட்டினேன்.

"இம்மாந்துண்டா?" என்றாள். நான் தடுப்பதற்குள், மசியில் தோய்த்த கட்டைவிரலை அந்த வட்டத்தின் மேலேயே அழுத்தி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் உழைப்பு. பிளானின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் கருநீலக் கறை. கை தன்னால் பிளேடைத் தேடியது. எல்லம்மா விரலைத் துடைத்துக்கொண்டு, திருப்தியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளேடைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

மறுநாள் காலை இன்ஜினீயர் வந்தார். தொப்பி, பூட்ஸ், வியர்வையில் நனைந்த கோட்டு. கரையிலிருந்து இறங்கி, சுண்ணாம்புக் கோடுகளை மிதித்துக்கொண்டு நேராக எங்களை நோக்கி வந்தார். ஊரே பதறியது.

"ஐயா, அது செவுரு" என்றார் கன்னியப்பன். "வாசப் பக்கமா வாங்க."

அவர் காலுக்குக் கீழே பார்த்தார். ஒரு வீட்டின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் மெதுவாகப் பின்னால் போய், தெருவுக்கு வந்து, வாசல் இடைவெளியில் நுழைந்தார். அதற்குப் பிறகு ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை. ஊர் முழுக்கத் தெருவோடு நடந்து பார்த்தார்.

கடைசியில் கரைமேல் போட்டிருந்த மேஜைக்கு வந்து பிளானை விரித்தார். ஸ்டேஷனிலிருந்து ரோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தார். வளைவில் அவர் விரல் நின்றது.

"வேலை சுத்தமா இருக்கு. நடுவுல இது என்ன, இவ்வளவு பெரிய மசிக் கறை?"

பிரசிடெண்டு என்னைப் பார்த்தார். எல்லம்மா நின்ற இடத்திலேயே குடத்தைக் கீழே வைத்தாள்.

"கறை இல்லை சார், கிணறு" என்றேன்.

அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ரேகைகளுக்கு அடியில் என் மிளகு வட்டம் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, கீழே ஏரிக்குள் ரோடு வளைகிற இடத்தையும், அங்கே வந்து சேர்கிற வெள்ளைக் காலடிகளையும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். எல்லம்மாவின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து, பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதினார். அதற்கப்புறம்தான் கீழே கையெழுத்துப் போட்டார்.

எல்லம்மா என் முழங்கையை இழுத்தாள்.

"இன்னா எழுதனாரு?"

"கிணறுன்னு எழுதியிருக்கார்."

"அத்தத்தான் நான் அப்பவே வெச்சுட்டனே" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.